பன்னிரண்டாம் எண் ஸ்பேனர்

செப்டம்பர் பிறந்துவிட்டால் சுங்கைப்பட்டாணியில் மழை மாலை நான்கு மணிக்கு வந்துவிடும். முப்பத்தோராண்டுகள் மணியடித்துப் பள்ளிக்கூடம் நடத்திய எனக்கு, இவ்வூரில் நேரந்தவறாத ஒரே ஜீவன் அந்த மழைதான் என்று தோன்றுவதுண்டு. மூன்றே முக்காலுக்கு ஜெராய் மலை மேகத்துக்குள் மறையும். சற்றைக்கெல்லாம் எங்கள் பாக்கார் ஆராங் தெருவில் கொடியிலிருந்து துணியெடுக்கும் ஆரவாரம் கேட்கும். நான்கு மணிக்கு முதல் துளி விழும்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நூர்தீன், நான் செய்ததாக நீங்கள் சொல்லும் காரியத்தில் பாதியை அந்த மழைதான் செய்தது. பங்கு பிரிக்கும்போது அதற்குரியதை அதற்குக் கொடுத்துவிடுவதே நியாயம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குணசுந்தரியிடம் நானே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும் என்றீர்கள். வாயால் சொல்லும்போது பாதி வாக்கியத்தில் எதிராளி எதையாவது கேட்டுவிடுவார். அதன் பிறகு வாக்கியம் முடிவதே இல்லை. எழுத்தில் அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே எழுதி உங்களிடம் தருகிறேன். நீங்கள் அவளிடம் கொடுத்துவிடுங்கள். மழையில் மகிழுந்துக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைத் துடைப்பான் என்று எழுதுவதே முறை. ஆனால் உங்கள் பட்டறையில் துடைப்பான் கேட்டால் விளக்குமாற்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதால், இந்த ஒருமுறை விட்டுக்கொடுத்து வைப்பர் என்றே எழுதுகிறேன். நான் பிடிவாதக்காரன் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் மனைவி பிரேமாவதி காலமாகிப் பத்தாண்டுகள் ஆகின்றன. புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து நான் ஓய்வுபெற்ற அதே ஆண்டு அது. ஒரே மகள் குணசுந்தரி. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். மாலை ஐந்து மணிக்கு எனக்குத் தேநீர் போட்டு வைத்து, நாளிதழின் வாசகர் கடிதங்களை உரக்க வாசிப்பாள். எழுதியவரின் பிழைகளை நான் சொல்லச் சொல்லச் சிவப்பு மையால் திருத்துவாள். ரகரத்தையும் றகரத்தையும் நாவில் பிரித்துச் சொல்லும் இன்னொருவர் இந்த மாநிலத்தில் இருந்தால் அவரைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் எக்குறையும் இல்லை என்பது என் கருத்து. அவளுடைய கருத்தை நான் கேட்டதில்லை. குறை இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

முதல் நிகழ்ச்சிக்கு நான் பொறுப்பில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கல்யாணத் தரகு செய்யும் பாப்பம்மா, கூலிமிலிருந்து சுகுமாரன் என்ற வரனின் குடும்பத்தாரைப் பெண் பார்க்க அழைத்து வந்தார். கெடாவில் அரசு விடுமுறை வெள்ளியும் சனியும்தான். ஆனால் குணசுந்தரியின் தொழிற்சாலைக்கு ஞாயிறு ஓய்வு என்பதால் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேசரி உண்டார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள். நான்கேகால் ஆனதும் வரனின் தகப்பனார் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். ஞாயிறன்று நாலரைக்கு இராகு காலம் தொடங்கும்; நல்ல காரியமாக வந்த வீட்டிலிருந்து அதற்குள் புறப்பட்டுவிட வேண்டும்.

வெளியே மழை கொட்டியது. அனைவரும் மகிழுந்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வைப்பர் சுவிட்சைப் போட்டதும் உள்ளே மோட்டார் முனகியது. ஓட்டுநர் பக்கத்து வைப்பர்க் கை அசையவில்லை. அப்படியே என் வாசலில், கண்ணாடியெல்லாம் ஆவி படர, ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மணி நாலரையைக் கடந்தது. பிறகு வரனின் தாயார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, துக்க வீட்டுக்கு வந்தவர் போல என் நாற்காலியில் அமர்ந்தார். ஆறு மணிக்குப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பாப்பம்மா தொலைபேசியில் சொன்னார்: "பொண்ண ஒரு கொற சொல்லல சார். கேசரியக்கூட நல்லாயிருந்துச்சுன்னாங்க. அந்த வைப்பரத்தான் சொல்றாங்க. சகுனம் சரியில்லையாம்லா."

ஒரு நட்டின் தளர்ச்சியைக் கொண்டு ஒரு பெண்ணை அளக்கும் மனிதர்களும் இந்த நூற்றாண்டில் இருக்கிறார்களே என்று எனக்கு வந்த சினத்தைச் சொல்லி மாளாது. அது முழுதாக ஒரு மணி நேரம் இருந்தது. ஐந்து மணிக்குத் தேநீர் வந்தது. குணசுந்தரி கடிதங்களை வாசித்தாள். மூன்றாவது கடிதத்தின் நடுவில் சினத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. தேநீர் அன்று வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

அடுத்த மாதம் என் சொந்த மகிழுந்தின் வைப்பர் நின்றது தற்செயல். உங்கள் பட்டறைக்கு அதைக் கொண்டுவந்த பிற்பகல் உங்களுக்கு நினைவிருக்கும். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் அவ்வளவு ஒழுங்கான ஒரு பாடத்தை நான் கேட்டதில்லை.

"வைப்பர் நின்னா எடுத்ததுமே ஸ்பேனரத் தூக்கக் கூடாது சார். மொதல்ல காதக் குடுங்க," என்றீர்கள். "சுவிட்சப் போடுங்க. சத்தம் வருதா?"

"இல்லை."

"சத்தமே இல்லனா கரண்ட் போகல. ஃபியூஸப் பாருங்க. ஃபியூஸ் நல்லா இருந்தா ரிலே, அப்புறம் ஒயரு, கடைசியாத்தான் மோட்டாரு. சத்தம் வந்து கை ஆடலன்னா மோட்டார் மேல பழி போடாதீங்க. அது பாவம், உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கைக்கு அடியில ஒரு மூடி இருக்கும், அதத் தொறந்தா ஒரு நட்டு. அது லூசாயிருக்கும். போன மாசம் உங்க வாசல்ல நின்ன கூலிம்காரங்க காடி அப்படித்தான். ஒரே ஒரு நட்டு. பன்னெண்டு ஸ்பேனரால ரெண்டு சுத்து முறுக்கினேன், போயிட்டாங்க."

"இதையெல்லாம் எனக்கு எதற்காகச் சொல்கிறீர்கள்?"

"நீங்கதான சார் நோட்டும் பேனாவுமா ஒக்காந்திருக்கீங்க."

அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. என் மகிழுந்தின் ஃபியூஸ் உருகியிருந்தது, மாற்றினீர்கள், வைப்பர் ஆடியது. வீடு திரும்பும் வழியில் பன்னிரண்டாம் எண் ஸ்பேனர் ஒன்று வாங்கினேன். ஒரு பாடத்தைக் கற்றவன் அதற்குரிய கருவியையும் வைத்திருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அப்போது என் மனத்தில் வேறெதுவும் இல்லை.

இரண்டாண்டுகள் கழித்துப் பாப்பம்மா புவனேசன் என்ற பொறியாளரைப் பற்றிச் சொன்னார். அப்போதுதான் அந்த எண்ணம் தோன்றியது. நன்றாக யோசித்துப் பாருங்கள், நூர்தீன். எந்த மாணவனையும் தேர்வு வைக்காமல் அடுத்த வகுப்புக்கு நான் ஏற்றியதில்லை. என் மகளை ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கும் முன், அவர்கள் அறிவுள்ளவர்களா, நின்றுபோன ஒரு வைப்பரைக் கண்டு நடுங்குபவர்களா என்று சோதித்துப் பார்ப்பதில் என்ன பிழை? வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றே. பதில் சொல்லத் தெரிந்தவருக்கு என் மகள்.

ஏற்பாடுகள் எளியவை. அக்டோபரில் ஒரு ஞாயிறு, மாலை மூன்று மணி என்று நாள் குறித்துக் கொடுத்தவன் நான்தான். எங்கள் தெரு குறுகலானது. எதிர்வீட்டு வாசலை மறைக்காமல் அங்கே வண்டி நிறுத்த இயலாது. "சாவியைக் கொடுங்கள், தெருமுனை மரத்தடியில் நிழலாக நிறுத்திவிடுகிறேன், புறப்படும்போது நானே வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறேன்" என்று வீட்டுக்காரர் கேட்டால் யார் மறுப்பார்கள்? தலைமையாசிரியராக இருந்தவர் கேட்டால் இரு கையாலும் கொடுப்பார்கள். மரத்தடியில் மூடியைத் திறந்து, நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கையை இலேசாக அசைத்துப் பிடியை விடுவித்து, மூடியைப் பழையபடி அழுத்திவிட இரண்டு நிமிடம் போதும். முதல்முறை மூன்று நிமிடம் ஆயிற்று, பயிற்சி இல்லை.

புவனேசனின் அத்தை, கை அசையாததைக் கண்ட மாத்திரத்தில் மகிழுந்துக்குள்ளேயே கற்பூரம் தேடினார். தேறவில்லை.

அதற்கும் இரண்டாண்டுக்குப் பின் தைப்பிங்கிலிருந்து ஒருவர் வந்தார், மருந்தகத்தில் பணி, பணிவானவர். மறுபடியும் நட்டைத் தொட்டால் உங்கள் கண்ணுக்கு உறுத்தும் என்று கருதி, இம்முறை ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலிருக்கும் பெட்டியைத் திறந்து, வைப்பருக்குரிய ஃபியூஸை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று மழை தாமதித்துவிட்டது. நாலேகாலுக்கு அவர்கள் வெயிலிலேயே புறப்பட்டுப் போனார்கள். ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள், சத்தமே வரவில்லை. கண்ணாடி வெள்ளையாகிவிட, மகிழுந்து மெதுவாகச் சாலையோர வாய்க்காலில் இறங்கிவிட்டது.

சேதம் என்று சொன்னால் வரனின் தாயாருக்கு ஒரு மணிக்கட்டு மட்டும். அதுவும் இடக்கை. மழையின் தாமதத்துக்கு நான் பொறுப்பேற்க முடியாது. மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழங்களோடு போய்ப் பார்த்தேன். அந்த அம்மையார் வலக்கையால் வாங்கிக்கொண்டு, "ஒங்க பொண்ணுக்கு நேரம் சரியில்ல போல ஐயா, எங்காச்சும் பாருங்க" என்று எனக்கே அறிவுரை சொன்னார்.

தெருவிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வாசலுக்கு வரும் வண்டியெல்லாம் நின்றுபோனால், பேசத்தான் செய்வார்கள். ஒருநாள் தேநீரை வைத்துவிட்டுக் குணசுந்தரி கேட்டாள்: "எங்கிட்ட ஏதாச்சும் தோஷம் இருக்காப்பா?"

தோஷம் என்று ஒன்று இல்லை என்று நான் விளக்கினேன். கால் மணி நேரம் விளக்கினேன். அவள் செவ்வாய்க்கிழமைகளில் விரதம் இருக்கத் தொடங்கினாள். விரதம் வயிற்றுக்கு நல்லது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆகவே நான் தடுக்கவில்லை.

இனி சசிதரன். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. நல்ல மாணவனை நினைத்தால் எந்த ஆசிரியருக்கும் அப்படித்தான்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவர் வந்தார். பினாங்கில் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. தாயார் லோகேஸ்வரி செமிலிங்கில் இருக்கிறார், முன்னாளில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், உரத்த குரல். இருவர் மட்டும் வந்தார்கள், பாப்பம்மாவைக்கூட அழைத்து வரவில்லை. நான் சாவியை வாங்கினேன். மரத்தடியில் நின்றபோது இவருக்கு ஒரு நட்டுப் போதாது என்று ஏனோ தோன்றியது. இரண்டு கைகளின் நட்டுகளும் இரண்டிரண்டு சுற்று.

நான்கு மணிக்கு மழை வந்தது. நான்கேகாலுக்கு அவர்களும் எழுந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகியது, கைகள் அசையவில்லை. நான் கையில் கடிகாரத்தோடு வாயிலில் நின்றேன்.

சசிதரன் கதவைத் திறக்காமலே தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இறங்கி வந்து, மழையில் நனைந்தபடி ஒரு விரலால் வைப்பர்க் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"நட்டு லூசு சார். மோட்டார் நல்லாத்தான் இருக்கு. பன்னெண்டு ஸ்பேனர் இருக்குமா வீட்டுல?"

அது அப்போது என் காற்சட்டைப் பையில் இருந்தது.

"ஆசிரியர் வீட்டில் ஸ்பேனருக்கு எங்கே போவது, தம்பி?" என்றேன். "மணி நாலு இருபத்து மூன்று. ஏழு நிமிடத்தில் இராகு காலம். பொறுத்திருந்து ஆறு மணிக்குப் போகலாமே."

மகிழுந்துக்குள்ளிருந்து லோகேஸ்வரி அம்மையார் கத்தினார்: "ராவு காலமாவது ஒன்னாவது. இவன் பொறந்ததே ராவு காலத்துலதான் சார். நல்லாத்தான இருக்கான், பாருங்க. டேய், கயிறு கேளுடா."

கயிறு கேட்டார். நான் இல்லையென்று சொல்வதற்குள் குணசுந்தரி பின்கட்டுக்கு ஓடிவிட்டாள். துணி காயப்போடும் பச்சை நைலான் கொடியை அவிழ்த்துக் கொண்டுவந்து, குடையுங்கூடப் பிடிக்காமல், மழையில் நின்று அவர் கையில் கொடுத்தாள். அதன் ஒரு முனையில் பிரேமாவதி என்றோ போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. சசிதரன் அந்தக் கயிற்றை இரண்டு வைப்பர் கைகளிலும் சேர்த்துக் கட்டி, ஒரு முனையைத் தம் சன்னல் வழியாகவும் மறுமுனையைத் தாயாரின் சன்னல் வழியாகவும் உள்ளே விட்டார்.

"அம்மா, இப்ப நீங்க இழுங்க."

"இழுத்துட்டேன்டா."

"இப்ப வுடுங்க, நான் இழுக்கறேன். வுடுங்கம்மா. வுட்டாத்தான வரும்."

"நீ மொதல்ல இழு, அப்புறம் வுடறேன். ஒன்ன நம்பி வுட முடியாது."

கைகள் இடமும் வலமும் போய்வந்தன. கண்ணாடி தெளிந்தது. நான்கு இருபத்தெட்டுக்கு அவர்கள் புறப்பட்டார்கள். ஊர்ந்தபடி தெருமுனை திரும்பும்வரை லோகேஸ்வரி அம்மையார் ஏலேலோ பாடிக் கயிறு இழுப்பது கேட்டது. குணசுந்தரி வாயிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தாயார் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வாசலில் நின்று அவ்வளவு நேரம் சிரிக்க வேண்டுமா என்பது மட்டுமே என் ஐயம்.

ஆக, தேர்வில் ஒருவர் தேறிவிட்டார். நூற்றுக்கு நூறு, குறையே சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பாப்பம்மா நேரில் வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். முகமெல்லாம் மலர்ச்சி.

"அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு சார். அந்தம்மா சொல்லுது, மழையில நனைஞ்சு கயிறு கொண்டாந்து குடுத்த பொண்ண எங்க போய்த் தேடுறதுன்னு. தேதி மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

நான் தட்டைத் தொடவில்லை. "என் மகளுக்கு விருப்பமில்லை," என்றேன்.

"என்ன சார் சொல்றீங்க? வாசல்ல நின்னு அப்படிச் சிரிச்சிச்சாமே. அந்தம்மாவே சொன்னாங்க."

"சிரிப்பு வேறு, விருப்பம் வேறு, பாப்பம்மா."

வாழைப்பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்குக் குணசுந்தரி வந்தாள். தேநீர் போட்டாள். கடிதங்களை வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது கடிதத்தில், முற்றுப்புள்ளி இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"பாப்பம்மா அக்கா ஏதும் சொன்னாங்களாப்பா?"

"அவர்களும் சகுனம் பார்க்கிறார்களாம்."

"அவங்களுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். மீதிக் கடிதங்களையும் கடைசிவரை ஒரு பிழையுமின்றி வாசித்து முடித்தாள். அந்த ஒழுக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வாழைப்பழம் நன்றாகக் கனிந்திருந்தது.

அதன்பின் வரன் எதுவும் வரவில்லை. பாப்பம்மாவும் வருவதை நிறுத்திவிட்டார். அவளுக்கு இப்போது முப்பத்தேழு வயது. மூன்றாண்டுகள் மிக அமைதியாகக் கழிந்தன என்று துணிந்து எழுதுவேன், சென்ற செவ்வாய்க்கிழமை நீங்கள் என் வீட்டுக்கு வரும்வரை.

நீங்கள் உட்காரவில்லை. தேநீரும் வேண்டாம் என்றீர்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"போன மாசம் குணா தங்கச்சியோட காடில வைப்பர் நின்னுச்சு சார். கொண்டாந்துச்சு. ரிலே போயிருந்துச்சு, மாத்திட்டேன். காத்துக்கிட்டு இருக்கறப்ப சும்மா கேட்டேன், அந்தக் கயிறு கட்டுன மாப்பிள்ள என்னம்மா ஆனாருன்னு. அவங்க வேணாம்னுட்டாங்கண்ணே, சகுனம் பார்த்தாங்களாம்னு சொல்லுது."

நான் மேசையிலிருந்த நாளிதழை மடித்து வைத்தேன்.

"ரெண்டு வாரம் கழிச்சு அந்தச் சசிதரனே வந்தாரு, பிரேக் சத்தம்னு. இன்னும் கல்யாணம் பண்ணிக்கல. அவர்கிட்டயும் கேட்டேன். பொண்ணுக்கு விருப்பமில்லன்னு சொல்லிட்டாங்கண்ணே, நான் என்ன பண்றதுன்னாரு."

"மனிதர்கள் ஒன்றை வேறாக நினைவுகொள்வது இயல்பு, நூர்தீன்."

"சார், நான் காடி பார்க்கறவன். ரெண்டு பக்கமும் கரண்ட் நல்லா இருக்கு. நடுவுல யாரோ ஃபியூஸப் புடுங்கிட்டாங்க." சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டீர்கள். "அன்னிக்கு அந்தக் காடிய நான்தான் சார் பார்த்தேன். நட்டு தானா லூசானா ஒரு பக்கம் லூசாகும். இது ரெண்டும். ரெண்டும் ரெண்டே சுத்து. அளந்து வச்ச மாதிரி. ஒங்க கையெழுத்து மாதிரியே இருந்துச்சு. எம் மக ஹனானுக்கு நீங்க சொல்லிக் குடுத்த தமிழுக்காக மூணு வருஷம் வாயத் தொறக்கல. அது என் தப்பு."

பிறகு, ஞாயிறன்று மூன்று மணிக்குச் சசிதரனும் அவர் தாயாரும் மீண்டும் வருவார்கள் என்றும், இம்முறை பாப்பம்மா வழியாக அல்ல, உங்கள் வழியாக என்றும், அதற்குள் பெற்றவனாகிய நானே என் மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்றும், இல்லையேல் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்றும் கூறிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டீர்கள். ஒரு முறையாவது குரலை உயர்த்தினீர்களா என்று நினைத்துப் பார்க்கிறேன், இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆகவே தெளிவாக எழுதிவிடுகிறேன். இக்கடிதத்தின் முதல் வரைவில் "நட்டுகள் தளர்ந்தன" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். புவனேசனின் மகிழுந்தில் ஒரு நட்டையும் சசிதரனின் மகிழுந்தில் இரண்டு நட்டுகளையும் நான் தளர்த்தினேன். தைப்பிங்காரரின் ஃபியூஸை நான் எடுத்தேன். அது என் மேசையில் பேனாக்களோடு இருக்கிறது. பாப்பம்மாவிடம் ஒரு பொய்யும் என் மகளிடம் ஒரு பொய்யும் சொன்னேன். தேறியவரைத் தேறவில்லை என்று அறிவித்த ஆசிரியருக்கு என்ன தண்டனையோ அதை ஏற்கச் சித்தமாக இருக்கிறேன். குணசுந்தரி இதை வாசிக்கும்போது பிழை கண்டால் திருத்தட்டும். சிவப்பு மை வழக்கமான இடத்தில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் மனம் துடைத்தாற்போல் தெளிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையை நான் மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கிறேன். கேசரிக்கு முந்திரி வாங்கி வைத்திருக்கிறேன். விருந்தினர் வந்ததும் சாவியை வாங்கி, மகிழுந்தை மரத்தடி நிழலில் நானே நிறுத்திவிடுவேன். வெயிலில் நின்றால் இருக்கை சுடும், அந்த அம்மையாருக்கும் வயதாகிவிட்டது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சற்று முன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். ஸ்பேனர் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான், வேறெதற்கும் அன்று. ஸ்பேனர் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பச்சை நைலான் கயிறு வளையமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. ஒரு முனையில் பிரேமாவதியின் முடிச்சு. அந்தக் கயிறு மூன்றாண்டுகளுக்கு முன் சசிதரனின் மகிழுந்தோடு இந்த வீட்டை விட்டுப் போனது. யாரை யார் எங்கே சந்தித்து அதை வாங்கி வந்தார்கள் என்று நான் ஆராயவில்லை. பிறர் காரியத்தில் தலையிடும் பழக்கம் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. பக்கத்து அறையில் குணசுந்தரி வரும் ஞாயிறுக்குரிய புடவையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஏதோ ஏலேலோ என்று முணுமுணுக்கிறாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை இதை வாங்கிக்கொள்ள வரும்போது, உங்கள் பட்டறையிலிருந்து பன்னிரண்டாம் எண் ஸ்பேனர் ஒன்றை எனக்கு இரவலாகக் கொண்டுவாருங்கள். வீடு என்று இருந்தால் ஏதாவது ஒரு நட்டு தளர்ந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் தவறாமல் திருப்பித் தந்துவிடுகிறேன்.